காலுறை, நாலு வயது அளவு

வாரம் ஒருமுறை சாமான் ஏற்றிக்கொண்டு
மேட்டு முகாம்களுக்கு வண்டி ஓட்டுவது என் வேலை.
தண்ணீர்ப் பீப்பாய், அரிசி, வெங்காயம்,
நாய்த்தீனி இரண்டு மூட்டை, பேட்டரி.
மே கடைசியில் எலெயுத்தேரியோ தந்த சீட்டில்
பென்சிலால் இரண்டு வரி கூடுதல்:
முள்வாங்கி ஒன்று.
குழந்தைக் காலுறை, நாலு வயது அளவு, எட்டு ஜோடி.

யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
பெரு நாட்டுக்காரன். மூன்று வருட ஒப்பந்தம்.
ஆயிரத்து இருநூறு ஆடு, இரண்டு நாய்,
சக்கரம் வைத்த தகரக் கூடு.
கேட்க ஆள் கிடைத்தால்
பதிலிலேயே பகலைத் தீர்த்துவிடுவான்;
எனக்கோ இருட்டுமுன் இன்னும் இரண்டு முகாம்.

கடையில் இளஞ்சிவப்புதான் இருந்தது,
முயல் படம் போட்டது. வாங்கினேன்.

அடுத்த ஞாயிறு
ஐடஹோ முழுக்க நிறம் மாறிக் கிடந்தது.
போன வாரம் பூனை முதுகுபோல் வழுக்கிய புல்
ஊதா உதிர்ந்து வைக்கோலாகிவிட்டது.
பள்ளத்தில் நெருஞ்சியும் உண்டு.
அது நேரான பகை:
குத்தும், நாய் கத்தும், பிடுங்கிப் போடலாம்.
நரிவால் புல் அப்படியில்லை.
தொட்டதும் உதிரும் ஒவ்வொரு விதைக்கும்
பின்னோக்கிப் படிந்த மயிர்.
முன்னே போகும். திரும்பத் தெரியாது.
நாய் நடந்தால் உள்ளே,
மூச்சு விட்டால் உள்ளே,
தூங்கினாலும்.

போன வருடம் லோபோ இருந்தது.
ஒரு வாரம் பாதத்தை நக்கியது,
அவ்வளவுதான் பார்த்தோம்.
ஆகஸ்டில் விலாவில் கட்டி, காய்ச்சல்.
மருத்துவர் அறுத்து எடுத்தபோது
ஒரு சோற்றுப் பருக்கை நீளம்.
நாயை மூடிக்கொண்டு வந்தது
இதே வண்டியில்தான்.

இப்போது படிக்கட்டில் உட்கார்ந்து
வெள்ளை நாய் ஓசோவை மல்லாத்தி
ஆடு மயிர் வெட்டும் கத்திரியால்
விரலிடுக்கெல்லாம் மழித்துக்கொண்டிருந்தான்.
அது கரடி உடம்பு; கூச்சத்தில்
பின்னங்கால் காற்றில் சைக்கிள் மிதித்தது.
பிறகு ஒவ்வொரு காலாய்
முயல் ஏறியது. கம்பளி நூலால் கட்டு.
ஓநாயைத் துரத்தும் நாய்
இளஞ்சிவப்பில் எழுந்து நின்று
எங்கள் இருவரையும் பார்க்காமல்
தூரத்து மலையைப் பார்த்தது.

அப்போதுதான் சிஸ்பா தும்மியது.
ஒன்று, இரண்டு. ஒன்பதுவரை எண்ணினேன்.
மூக்கைத் தரையில் தேய்த்தது.
தரையில் சிவப்பாக ஒரு பொட்டு.

அவன் கெஞ்சவில்லை.
நாயைத் தூக்கி என் பக்கத்து இருக்கையில் வைத்து
கதவைச் சாத்தினான், அவ்வளவுதான்.
ஆட்டை விட்டு அவன் வரமுடியாது.
எழுபது மைல். வழியெல்லாம்
அது தும்ம, கண்ணாடியெல்லாம் புள்ளி.
மயக்க ஊசி, குழாய், விளக்கு;
மூன்றாவது முயற்சியில் வெளியே வந்தது.
மருத்துவர் ஒரு சின்னப் புட்டியில் போட்டுத் தந்தார்.
மற்ற இரண்டு முகாமும்
அன்றிரவு பழைய ரொட்டி தின்றன.
முதலாளி கணக்கில்
"டயர் பழுது" என்று எழுதினேன்.
இரண்டு டயர்.

மறு ஞாயிறு நாயை இறக்கிவிட்டபோது
வெங்காயச் சாக்கின் வலையை வெட்டி
தலைக்குத் தொப்பி தைத்து வைத்திருந்தான்;
வாய் திறந்து மூச்சு வாங்க இடம் விட்டு,
காதும் மூக்கும் மறையும்படி.
சிஸ்பா அதைக் கழற்றப் பார்த்தது,
பிறகு ஆடுகள் கலைந்ததும் மறந்துபோனது.
புட்டியை அவனிடம் கொடுத்தேன்.
வெயிலில் தூக்கிப் பார்த்தான்,
ஏதோ கெச்சுவாவில் திட்டினான்,
அடுப்பில் போட்டான்.

துவைத்த காலுறைகள் கயிற்றில் ஆடின.
இரண்டு நாய்க்கு எட்டுக் கால், எட்டு மாற்று:
பதினாறு இருக்கவேண்டும்.
பதினாலுதான் இருந்தன.
காற்று கொண்டுபோயிருக்கலாம்.
நான் கேட்கவில்லை.

அந்த வாரச் சீட்டு:
அரிசி. பேட்டரி.
வெங்காயம், வலைச்சாக்கோடு.
தபால் உறை ஒன்று,
கொஞ்சம் பெரியது.